மாவுக்கட்டு போட்ட ஹெலிகாப்டர்

அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவில், நடைவழி முடியும் இடத்தில் இருக்கும் அறையில் மாவுக்கட்டு போடுவது சின்னவரின் வேலை. டாக்டர் எலும்பை நேராக்கிப் பிடித்துக்கொள்வார். சின்னவர் நனைத்த துணிச் சுருளைச் சுற்றிக்கொண்டே வருவார். வார்டு உதவியாளராகச் சேர்ந்தவரை, ஆள் குறைவென்று ஒரு வாரத்துக்கு அந்த அறைக்கு அனுப்பினார்கள். திரும்பக் கூப்பிட மறந்துவிட்டார்கள். அவரும் ஞாபகப்படுத்தவில்லை.

தெருவில் போகும்போது யாராவது வழிமறித்துக் கையை நீட்டி மடக்கிக் காட்டி, "நல்லாயிடுச்சுங்க" என்பார்கள். முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது. கையைப் பார்த்ததும் வந்துவிடும். "மணிக்கட்டு. ஏணியிலிருந்து விழுந்தது" என்று சொல்லிவிட்டு நடப்பார். அவ்வளவுதான் பேச்சு. கட்டு போடும்போது நோயாளிகளிடம், ஆடாதீங்க, சூடாகும் பயப்படாதீங்க, நனைக்காதீங்க என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. வீட்டில் அதைவிடக் குறைவு என்பது அவர் மனைவியின் கணக்கு.

வீடு அப்பா கட்டியது. கீழே சின்னவர், மாடியில் அவருடைய அண்ணன் பெரியவர். மாடிக்குப் படி வெளிப்பக்கமாக ஏறுகிறது. அதனால் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமலே காலம் தள்ள முடிந்தது. அப்பா போனதிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் ஒரு வாக்கியம். அப்பா கடைசி மாதங்களில் கீழேதான் படுத்திருந்தார். சின்னவர்தான் பார்த்துக்கொண்டார். பல இரவுகள் கண்விழித்தவர், ஒரு விடியற்காலையில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் அசந்துவிட்டார். எழுந்து பார்த்தபோது அப்பா இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எப்படி ஆச்சு என்று விசாரித்தார்கள். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர், "தம்பி பக்கத்துலதான் தூங்கிட்டிருந்தான். அவனுக்கே தெரியல" என்றார். வந்தவர் எல்லோரிடமும் அதையே சொன்னார். உள்ளே இருந்த சின்னவரின் காதில் அது ஒவ்வொரு தடவையும் விழுந்தது. பொய்யென்றால் மறுத்திருக்கலாம். உண்மையாக இருந்ததால் பேச்சை நிறுத்திவிட்டார். பெரியவர் கொஞ்ச நாள் தானாகப் பேசிப் பார்த்தார். பதில் வராததால் அவரும் நிறுத்தினார். பெரியவருக்கு ரோஷம் அதிகம். சின்னவருக்கு அதைவிட அதிகம், வெளியே தெரியாது.

மருமகள்கள் இருவருக்கும் இந்தச் சண்டையில் பங்கில்லை. பாத்திரங்கள் படியேறிப் போவதும் இறங்கி வருவதுமாக இருந்தன. கீழ்வீட்டில் பெரியவரை யாரும் உறவுமுறை சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "மாடியில மோட்டார் போட்டாச்சா?" என்பார் சின்னவர். மோட்டார் போட்டது மாடி. வெளியூர் போயிருப்பதும் மாடி. மாடிக்கு ஒரு தடவை சளிகூடப் பிடித்தது.

இப்படி இருக்கும்போது சின்னவருக்குக் குடலிறக்கம் வந்து, அறுவை சிகிச்சையும் ஆயிற்று. கனமானதைத் தூக்கக் கூடாது, வேலைக்கும் வரக் கூடாது என்று அவருடைய மருத்துவமனையே அவரை வீட்டுக்கு அனுப்பியது. வீட்டில் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கூடத்தில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களின் கால்களைப் பார்த்தார். ஒரு நாள் மனைவியிடம், "நீ இடது காலை அழுத்தி வெக்கிறே" என்றார். அன்றைக்கே மனைவி வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டார். மகள் அப்பாவிடம் பேசி, "உங்களுக்கு ஒண்ணு அனுப்பறேன்ப்பா. தினமும் கொஞ்ச நேரம் அதோட இருங்க" என்றாள்.

சில நாள் கழித்துக் கூரியர்காரர் ஒரு பெட்டியோடு வந்தார். பெண்கள் இருவரும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். பெட்டியின் மேல் வீட்டு இலக்கம் இருந்தது. பெயருக்குப் பதில் இரண்டு எழுத்து மட்டும் இருந்தது. அப்பாவின் முதலெழுத்து அண்ணன் தம்பி இருவருக்கும் ஒன்றுதான். அவர்களுடைய பெயர்களும் ஒரே எழுத்தில்தான் தொடங்கும். சின்னவர் மகளை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பெட்டி கனமாக இல்லை. தன் உடம்பை யோசித்துத்தான் வாங்கியிருக்கிறாள் என்று நினைத்தார்.

உள்ளே ஒரு போர் ஹெலிகாப்டர் துண்டு துண்டாக இருந்தது. மேல்மூடியில் அது மலைகளுக்கு நடுவே நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கிற படம். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில், பட்டாணி அளவிலிருந்து விரல் நீளம் வரை பாகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்துப் பசை போட்டு ஒட்டினால், நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு ஹெலிகாப்டர் கிடைக்கும். செய்முறைப் புத்தகம் தெரியாத மொழியில் இருந்தாலும் படங்கள் இருந்தன. முதல் படத்தில் ஒரு குழாயும் அதன் கீழே பாகங்களும். கழுவ வேண்டும் என்று புரிந்தது.

கழுவுவதற்கு வசதியாக எல்லாப் பாகங்களையும் நகவெட்டியால் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்தார். சமையலறை வடிகட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தார். திரும்பி வந்த மனைவி வடிகட்டியைப் பார்த்தார்.

"என்ன இது?"

"ஏவுகணை."

"என் வடிகட்டியிலயா?"

"காய்ஞ்சதும் குடுத்துடறேன்."

காய்ந்த பிறகுதான் இரண்டாவது படத்தைப் பார்த்தார். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண் இருந்தது. எண்கள் சட்டத்தில்தான் அச்சாகியிருந்தன. பாகங்களில் இல்லை. அவர் முன்னால் தட்டு நிறைய சாம்பல் நிறச் சில்லுகள் கிடந்தன. எது கதவு, எது சக்கரத்தின் முட்டி, எது துப்பாக்கி என்று தெரியவில்லை. வேறு யாராவதாக இருந்தால் மூடிப் பரண்மேல் போட்டிருப்பார்கள். சின்னவருக்குச் சில்லுகளைப் பார்த்துச் சலிப்பு வரவில்லை. நகவெட்டி கடித்த இடம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருந்தது. சட்டத்திலும் அதற்கு ஜோடியான முனை நீட்டிக்கொண்டிருந்தது. எந்த முறிவு எந்த முனையோடு சேரும் என்று ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று மனைவிக்குச் சந்தேகம் வந்தது.

மனைவிக்கு இன்னொன்றும் தெரியும். மாடியில் கண்ணாடி அலமாரி நிறைய விமானங்கள் இருக்கின்றன. பெரியவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதைத்தான் செய்துகொண்டிருந்தார். இந்த மனிதரும் அதே கிறுக்கில் விழுந்துவிட்டாரே, ரத்தம் சும்மா இருக்காது போலிருக்கிறது என்று மனைவி நினைத்தார். மாடிப் பேச்சை எடுத்தால் முகம் சுருங்கும் என்பதால் சொல்லவில்லை.

மகள் போன் செய்தாள். "வந்துச்சாப்பா?"

"வந்துச்சு. சின்னச் சின்னதா நிறைய இருக்கு."

"ஆமாம்ப்பா, அப்படித்தான் இருக்கும். முதல்ல குத்தும். அப்புறம் பழகிடும்."

"கண்ணுதான் கொஞ்சம் வலிக்குது."

"கண்ணா?" என்றாள் மகள். அதற்குள் பசை காய்கிறதென்று அவர் போனை வைத்துவிட்டார்.

ஹெலிகாப்டரின் உடம்பு இரண்டு பாதியாக இருந்தது. ஒட்டிப் பார்த்தபோது நடுவில் ஒரு நெல் நுழையும் அளவு இடைவெளி விழுந்தது. சின்னவர் யோசித்துவிட்டு, மாவுக்கட்டு அறையில் கூட வேலை செய்பவரைப் போனில் கூப்பிட்டு, வரும்போது ஒரு பொட்டலம் மாவு கொண்டுவரச் சொன்னார்.

"அய்யய்யோ, வீட்ல யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ஹெலிகாப்டருக்கு."

அவர் மாவைக் கொண்டுவந்து கொடுத்தார். ஹெலிகாப்டரைப் பார்க்காமலே போய்விட்டார். மறுநாள் பிரிவில், சின்னவருக்கு இன்னும் மயக்க மருந்து தெளியவில்லை என்று சொன்னாராம்.

மூக்கிலிருந்து வால்வரை வெள்ளைப் பட்டை போட்டு, ஈரவிரலால் தடவி, இடைவெளியை மூடினார். பார்ப்பதற்கு ஹெலிகாப்டர் எங்கோ விழுந்து அடிபட்டு வீடு திரும்பியது போல இருந்தது. அவருக்குத் திருப்தி.

அன்று மாலை வாசலில் மறுபடி கூரியர். வேறு ஆள். அனுப்பியவர் இடத்தில் மகளின் முழுப் பெயர் எழுதிய பார்சல். பிரித்தால், பாதத்தை வைத்து உருட்டுகிற மரக்கட்டை. உடம்பெல்லாம் சின்னச் சின்ன முள். மகள் இரண்டாவதாக இன்னொன்றும் அனுப்பியிருக்கிறாளோ என்று அவர் முதலில் நினைத்தார். உள்ளே இருந்த சீட்டில் மகள், 'சொன்னதை அனுப்பத் தாமதமாயிடுச்சுப்பா' என்று எழுதியிருந்தாள்.

"பழைய ஆள் வரலையா?" என்று கேட்டார்.

"அவரை நிறுத்தி வெச்சிருக்காங்க சார். உங்க வீட்டு மாடி சாரோட பார்சலை எடுத்துக்கிட்டு, அவரே கையெழுத்துப் போட்டுட்டாருன்னு புகார். தினமும் போன் பண்ணி மேனேஜரைத் திட்டறார். பாவம், ஆள் நல்ல ஆள்."

சின்னவர் உள்ளே போய், தூக்கிப்போடாமல் வைத்திருந்த பெட்டியை எடுத்து லேபிளைப் பார்த்தார். முகவரியின் கடைசி வரி, அச்சில் பாதி வெட்டுப்பட்டிருந்தது. மேல்பாதி மட்டும் தெரிந்தது. கூர்ந்து பார்த்தால் 'மாடி' என்று படிக்கலாம்.

மனைவி மேலேயிருந்து இறங்கி வந்தார். "அக்கா சொல்றாங்க, மாடிக்கு ஏதோ பார்சல் வரணுமாம், அது காணோம்னு..." என்று ஆரம்பித்தவர், மேஜையில் இருந்த ஹெலிகாப்டரையும் அவர் கையில் இருந்த முள்கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு விஷயத்தைச் சொல்லிடறேன்" என்றார் மனைவி.

"கையெழுத்துப் போட்டது நான்."

"அப்போ புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம்."

"அந்த ஆளை நிறுத்தி வெச்சிருக்காங்க" என்றார் சின்னவர். சட்டையை மாற்றிக்கொண்டார். பசை காயாததால் ஹெலிகாப்டரைச் சாப்பாட்டுத் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி, அப்பா சாவுக்குப் பிறகு முதல் தடவையாக மாடிப்படி ஏறினார்.

கதவைத் திறந்தது அண்ணி. அவரையும் தட்டையும் பார்த்தார். விலகி நின்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏங்க, தம்பி வந்திருக்கார்."

"எந்தத் தம்பி?"

"உங்களுக்கு எத்தனை தம்பி?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். பிறகு, "வரச் சொல்லு."

பெரியவர் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. போர் விமானங்கள், குண்டு போடும் விமானங்கள், கப்பலில் இறங்குபவை, எல்லாம் தூசியில்லாமல். சின்னவர் தட்டை மேஜையில் வைத்தார்.

"என்ன இது?"

"ஹெலிகாப்டர்."

"அது தெரியுது. யாரோடது?"

"உங்களோடது. என் பேருக்குன்னு நெனச்சு வாங்கிட்டேன். பிரிச்சும் பாத்துட்டேன்."

"ஒட்டியும் பாத்துட்டே."

"ஆமா."

பெரியவர் கடையில் போட்டுக்கொண்டிருந்த பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு தட்டை மெல்லத் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார். ஒரு காலத்தில் தான் வில்லையைச் சரிபார்த்த அதே முகத்தோடு பார்த்தார்.

"பக்கவாட்டு இறக்கை ரெண்டும் தலைகீழ். ஏவுகணை ஆகாசத்தைப் பாத்து இருக்கு. காக்காவைச் சுடப் போறானா?"

பெரியவர் தட்டை இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"இந்த வெள்ளை என்ன?"

"மாவு."

"எலும்பு முறிவா?"

"நடுவுல சேரல."

"எப்படிச் சேரும்? உள்ளே ஒரு தகடு வெக்கணும். வெக்காம ஒட்டினா சேராது."

சின்னவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் தகட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "எதுக்குன்னு தெரியல. தனியா வெச்சிருந்தேன்."

பெரியவர் அதைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விமானிகளின் அறையைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் இடம் மாறி உக்காந்திருக்காங்க. சுடறவன் முன்னால. ஓட்டறவன் பின்னால, கொஞ்சம் மேல."

"முன்னால இருக்கறவனுக்குப் பின்னால இருக்கறவன் முகம் தெரியுமா?"

"தெரியாது. காதுல மாட்டியிருக்கான் பாரு. அதுல பேசிப்பாங்க."

பெரியவர் போனை எடுத்துக் கூரியர் அலுவலகத்தைக் கூப்பிட்டார். பார்சல் கிடைத்துவிட்டது, உங்கள் ஆள் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார், அவரை உடனே வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்டார்கள் போலிருக்கிறது. "வீட்டிலதான்" என்று சொல்லி வைத்துவிட்டார். குரலைக் கேட்டால், தப்பு அவர்களுடையது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பிறகு ஓர் இடுக்கியை எடுத்து, தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்த விமானியைப் பெயர்க்கப் போனார். இடுக்கியின் நுனி நடுங்கியது. விமானியைச் சுற்றி வட்டம் போட்டது. பெரியவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தார். அப்போது இரண்டு கையும் சேர்ந்து ஆடின. இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

சின்னவர் அலமாரியை மறுபடி பார்த்தார். மேல்தட்டுகளில் முடிந்த விமானங்கள். அடித்தட்டில் பாதி முடிந்தவை வரிசையாக: இறக்கை ஒட்டாதவை, சக்கரம் இல்லாதவை, ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசியவை.

"கை எவ்வளவு நாளா ஆடுது?"

"எந்தக் கை?"

"வலது."

"குளிர்."

"வெயில் காலம்."

"வெச்சுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்" என்றார் பெரியவர்.

சின்னவர் எழுந்தார். வாசல்வரை வந்த அண்ணியிடம் தாழ்ந்த குரலில், "சாப்பிடும்போது?" என்று கேட்டார்.

"டம்ளர்ல பாதி டீதான் ஊத்தறேன். நான் கவனிச்சதா காட்டிக்கிறதில்ல. அவரும் சொல்றதில்ல" என்றார் அண்ணி.

நரம்பு டாக்டர் வருகிற நாள் பார்த்து, காலையில் சின்னவர் மறுபடி மேலே போனார். இந்தத் தடவை கதவு திறந்தே இருந்தது.

"கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"எனக்கு என்ன?"

"தெரியல. அதுக்குத்தான்."

"நான் வரல."

சின்னவர் மேஜையில் இருந்த ஹெலிகாப்டரையும் பசைப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார். "சரி. நீங்க இருங்க. மிச்சத்தை நானே ஒட்டி முடிச்சுடறேன்."

பெரியவர் தம்பியின் விரல்களைப் பார்த்தார். பிறகு எழுந்து செருப்பைத் தேடினார்.

நரம்புப் பிரிவின் வாசலில் நீண்ட மரப்பெஞ்சு. சின்னவர் அங்கே வேலை செய்பவர் என்பதால் வரிசையைத் தாண்டிக் கூட்டிப்போயிருக்கலாம். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. இருவரும் உட்கார்ந்தார்கள். எதிர்ச்சுவரில் மூளையின் படம் ஒன்று மாட்டியிருந்தது. பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நடுக்குவாத வியாதியாத்தான் இருக்கும். படிச்சுப் பாத்துட்டேன். முதல்ல கை. அப்புறம் நடை. அப்புறம் படுக்கை."

"டாக்டர் பாக்கட்டும்."

"படுத்துட்டா, கூட யார் இருப்பா? அவளுக்கும் வயசாச்சு." செருப்பைக் காலால் நகர்த்தினார். "அப்பாவுக்கு நீ இருந்தே."

"நான் தூங்கிட்டிருந்தேன்" என்றார் சின்னவர். அத்தனை வருடமும் தொண்டையில் இருந்த வாக்கியம், வெளியே வந்தபோது சாதாரணமாகத்தான் இருந்தது.

"அதைத்தானே நானும் சொன்னேன். பக்கத்துலயே தூங்கிட்டிருந்தே. நான் மாடியில கட்டில் போட்டுத் தூங்கிட்டிருந்தேன். அதை நான் யார்கிட்டயும் சொல்லல."

சின்னவர் திரும்பிப் பார்த்தார்.

"'அவனுக்கே தெரியல'ன்னு சொன்னீங்க."

"பக்கத்துல படுத்திருந்தவனுக்கே தெரியாத அளவுக்கு அமைதியாப் போனார்னு சொன்னேன். வந்தவங்களுக்கு வேற என்ன சொல்றது?"

"சொன்ன விதம் அப்படி இல்ல."

"என் குரலே அப்படித்தான். கடையில 'உங்களுக்குப் பவர் ஏறியிருக்கு'ன்னு சொன்னாலே ஆளுங்க முகம் வெளிறிப் போகும். முதலாளி என்னை உள்ளறைக்கு மாத்தினதே அதனாலதான்."

அது உண்மை. அண்ணனை ஏன் கடைக்குப் பின்பக்கம் உட்கார வைத்தார்கள் என்று சின்னவர் யோசித்ததே இல்லை. இப்போது யோசித்தார். அந்தக் காலையை, அந்த நாற்காலியை, அந்த வாக்கியத்தை வேறொரு குரலில் சொல்லிப் பார்த்தார். சில தடவை பொருந்தியது. சில தடவை பொருந்தவில்லை. முழுக்கச் சேர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் விலகியிருந்த எலும்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

பெரியவரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், தாளில் ஒரு சுருள் வரையச் சொன்னார். சுருள் பல்லுப் பல்லாக வந்தது. பெரியவருக்கு அவமானமாக இருந்தது. டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நீங்கள் பயப்படுகிற வியாதி இது இல்லை, வேலை செய்யும்போது மட்டும் வருகிற நடுக்கம், பலருக்கு வருகிறது, படுக்கையில் தள்ளாது, மாத்திரை தருகிறேன், குறையும், முழுக்கப் போகாது என்றார்.

"அரை மில்லிமீட்டர் கம்பியை ஒட்ட முடியுமா?" என்று கேட்டார் பெரியவர்.

டாக்டர் புரியாமல் சின்னவரைப் பார்த்தார்.

"ஹெலிகாப்டர் செய்யறார்" என்றார் சின்னவர்.

"பெரிய வேலைதான்" என்று சொல்லி டாக்டர் அடுத்தவரை அழைத்தார்.

வெளியே வந்ததும் பெரியவர் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்தபடியே இருந்தார். சின்னவர் பக்கத்தில் நின்றார். தோளில் கை வைக்கலாமா என்று தோன்றியது. வைக்கவில்லை. போய் டீ வாங்கிவந்து, தானே பாதியைக் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். பெரியவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். சிந்தவில்லை.

அன்று மாலையிலிருந்து வேலை மாடியில் நடந்தது. இறக்கைகளைப் பெயர்த்துத் திருப்பி ஒட்டினார்கள். விமானிகள் இடம் மாறினார்கள். மாவுக் கட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, தகட்டை வைத்து, உடம்பை மறுபடி சேர்த்தார்கள். சொல்வது பெரியவர், ஒட்டுவது சின்னவர். இதில் தினமும் தகராறு வந்தது.

"மெதுவா. அது கதவு. கால் இல்ல."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் வெளிப்பக்கம் வெக்கிறே?"

"நீங்கதான் வெளிப்பக்கம்னு சொன்னீங்க."

"நான் சொன்னது உன்னோட வெளிப்பக்கம் இல்ல. ஹெலிகாப்டரோட வெளிப்பக்கம்."

மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் பெரியவர் பெரிய இடங்களுக்குத் தானே வண்ணம் பூசினார். நடுக்கம் மிச்சமிருந்ததால் பச்சையும் பழுப்பும் ஓரங்களில் ஒன்றோடொன்று கலந்து வந்தன. நிஜத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். கண்ணாடி மூடியைச் சின்னவர் ஒட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே தடவையில். பெரியவர் பாராட்டவில்லை. "ம்" என்றார். அந்த வீட்டில் அது பெரிய வார்த்தை.

சின்னவர் வேலைக்குத் திரும்பிய பிறகும் மாலைகளில் இது தொடர்ந்தது. கீழ்வீட்டில் "மாடி" என்ற சொல் மறுபடி கட்டடத்தை மட்டும் குறிக்க ஆரம்பித்தது. அதில் முதல் தடவை மனைவி குழம்பிப்போனார். "அண்ணன் மோட்டார் போடச் சொன்னார்" என்று சின்னவர் சொன்னபோது, யாருடைய அண்ணன் என்று கேட்டுவிட்டார்.

நகர மண்டபத்தில் மாடல் செய்பவர்களுக்கு ஒரு கண்காட்சி நடந்தது. பெரியவர் விண்ணப்பித்தார். ஹெலிகாப்டர் பிரிவில் அவர்களுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அந்தப் பிரிவில் வந்திருந்தவை மூன்று. இதைப் பெரியவர் அறிவிப்பாளர் சொன்ன பிறகுதான் எண்ணிப் பார்த்தார். சின்னவர் உள்ளே வந்ததுமே எண்ணிவிட்டார், சொல்லவில்லை.

"முதல் பரிசு வாங்கினதைப் பாத்தியா? ஜன்னல்ல பசை வழிஞ்சிருக்கு" என்றார் பெரியவர்.

"வழிஞ்சிருக்கு."

"ரெண்டாவதுல வால் கோணல்."

"கோணல்தான்."

அப்படி ஒத்துப்போனது அவர்களுக்கே புதிதாக இருந்தது.

திரும்பும்போது பேருந்தில் கூட்டம். ஹெலிகாப்டர் பெரியவர் மடியில், சின்னவர் பக்கத்தில். எதிர் இருக்கையில் இருந்த அம்மாள், "அழகா இருக்கே, பேரனுக்கா?" என்று கேட்டார்.

"இல்ல, எங்களுக்கு" என்றார் பெரியவர். சின்னவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நிறுத்தத்தில் இறங்கும்போது யாருடைய முழங்கையோ பட்டு, மேலே சுற்றும் இறக்கைகளில் ஒன்று முறிந்தது. முழங்கை யாருடையது என்பதில் அங்கேயே வாக்குவாதம் ஆரம்பித்தது. தெருமுனை திரும்பியும் முடியவில்லை. மாடி வராந்தாவில் நின்றிருந்த பெண்கள் இருவரும் அவர்கள் வருவதைப் பார்த்தார்கள்.

"சண்டை போட்டுக்கிட்டு வர்றாங்க அக்கா" என்றார் சின்னவரின் மனைவி.

"போடட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணி டீ வைக்க உள்ளே போனார்.

முறிந்த இறக்கையைச் சின்னவர்தான் சேர்த்தார். ஒட்டு உறுதியாக இருக்கிறது. இருந்தாலும் அது மற்றவற்றைவிடச் சற்றுத் தாழ்ந்தே தொங்குகிறது. பார்க்க வருகிறவர்கள் யாராவது கேட்டால், தரையில் நிற்கும்போது நிஜ ஹெலிகாப்டருக்கும் அப்படித்தான் தொங்கும் என்கிறார் பெரியவர். ஒன்று மட்டுமா தொங்கும் என்று யாரும் கேட்பதில்லை. அவர் குரல் அப்படி.